லாந்தர் குகையைத் திறக்காதவளுக்கு

டீட்டர் பண்ணை,
மேற்கு வர்ஜீனியா,
மார்ச் 12, 2011

அன்புத் தோழி இங்க்ரிட்டுக்கு,

வில்டா எழுதுவது. இங்கே நானும் என் நாயும் சௌக்கியம். அங்கே மொன்டானாவில் நீயும், உன் பாழாய்ப்போன இடது முழங்காலும் சௌக்கியமாக இருக்க வேண்டும்.

உறையின் மேல் என் கையெழுத்தைப் பார்த்ததும் யாரோ போய்ச் சேர்ந்துவிட்டார்கள் என்று பதறியிருப்பாய். யாரும் போகவில்லை. நீ அனுப்பிய இரண்டு கிறிஸ்துமஸ் வாழ்த்தும் கிடைத்தன. ஒன்றரை வருடமாகப் பதில் போடாதது வேலை மிகுதியால் இல்லை. கொழுப்பு. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், மற்றதைச் சொல்லச் சுலபமாக இருக்கும்.

இந்தக் கடிதம் நன்றி சொல்வதற்காக. எனக்கு அது அவ்வளவாகப் பழக்கமில்லை என்று உனக்குத் தெரியும், அதனால் நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

போன மாதம் எங்கள் பக்வீட் குகையில் வவ்வால் எண்ணப் போனோம். மாநில வனவிலங்குத் துறையில் கேசி மல்லோ என்று ஒரு பெண் இருக்கிறாள், முப்பது வயதுகூட இருக்காது. வருஷத்தில் ஒரே ஒரு நாள், ஐந்தே பேர், அவள் கொண்டுவருகிற காகித உடுப்பு, அவள் கொண்டுவருகிற பூட்ஸ். வெளியே வந்ததும் எல்லாவற்றையும் பையில் கட்டி அவளே எடுத்துப்போய்விடுவாள். மற்ற நாட்களில் குளிர்காலம் முழுக்கக் குகை பூட்டுத்தான். பூட்டின் சாவியை நானே அவளிடம் கொடுத்துவிட்டேன். முப்பத்தோரு வருஷம் என் சமையலறை ஆணியில் தொங்கிய சாவி.

நானும் எமரியும் முதன்முதலில் எண்ணியபோது நாலாயிரத்துக்கு மேல் இருந்தன. உனக்கு நினைவிருக்கும், நீயும் அந்த வருஷம் வந்திருந்தாய், கழுத்து வலிக்கிறது என்று புலம்பிக்கொண்டே எண்ணினாய். இந்தத் தடவை அறுபத்தொன்று. கேசி நம்பாமல் இன்னொரு முறை எண்ணச் சொன்னாள். மறுபடியும் அறுபத்தொன்று. அதிலும் பாதிக்கு மூக்கிலும் இறக்கையிலும் வெள்ளையாகப் பூஞ்சை பூத்திருந்தது. செத்துத் தரையில் கிடந்தவற்றை மிதிக்காமல் நடக்க இடம் தேட வேண்டியிருந்தது. வெளியே பட்டப்பகல், பனி கொட்டுகிறது, இரண்டு வவ்வால்கள் பூச்சி தேடிப் பறந்துகொண்டிருந்தன. பிப்ரவரியில் ஏது பூச்சி? இந்தப் பூஞ்சை அரிப்பெடுக்கவைத்து அவற்றைத் தூக்கத்திலிருந்து எழுப்பிவிடுகிறது, எழுந்ததும் பசி, வெளியே வந்து பட்டினியில் விழுகின்றன. நான் அந்தப் பனியில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன் இங்க்ரிட். கட்டிய புருஷன் எமரி போனபோதுகூட இத்தனை சத்தமாக அழவில்லை.

அப்போது எனக்கு ஞாபகம் வந்தது உன் முகம்தான்.

2009 செப்டம்பரைப் பற்றி நாம் இருவரும் பேசியதே இல்லை, இப்போது நான் பேசுகிறேன். எமரி இறந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. நீயும் உன் குகைக் குழுவும் உங்கள் லாந்தர் குகையில் புதிதாக ஒரு வழி கண்டுபிடித்து அதற்கு எமரியின் பெயரை வைத்திருந்தீர்கள். வந்து பார் என்று நீதான் கூப்பிட்டாய். கூப்பிடும்போதே தொலைபேசியில் மூன்று முறை சொன்னாய். "ஒண்ணுமே எடுத்துட்டு வராதடி. உடுப்பு, ஹெல்மெட், பூட்ஸ், காலுறை வரைக்கும் நான் வெச்சிருக்கேன். கையை வீசிட்டு வா" என்றாய். நானும் சரி என்றேன். அப்புறம் எமரியின் பழைய குகை உடுப்பைப் பையில் வைத்துக் காரின் பின்னால் போட்டுக்கொண்டு மூன்று நாள் ஓட்டினேன்.

அதில் அவர் கடைசியாகத் தவழ்ந்த சேறு காய்ந்து ஒட்டியிருந்தது. குகை இறங்குகிற நம் ஆட்களைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டுமா? எத்தனை குகைச் சேறு உடுப்பில் ஏறியிருக்கிறதோ அத்தனை பெருமை, அதைத் துவைக்கிறவனைப் பார்த்துச் சிரிப்போம். முழங்காலில் அவர் போட்ட ஒட்டு, கழுத்தில் அவர் வியர்வை. அதைப் போட்டுக்கொண்டு அவர் பெயர் வைத்த வழியில் போக வேண்டும், அவரையும் கூட்டிக்கொண்டு போன மாதிரி இருக்கும் என்று ஆசைப்பட்டேன். வேறொன்றும் இல்லை.

குகை வாசலில் இரும்புக் கிராதிக்கு முன்னால் நீ நின்றுகொண்டிருந்தாய். "அந்தப் பைக்குள்ள என்ன?" என்று கேட்டாய். "என் வீட்டுக்காரர்" என்றேன். உன் முகம் எப்படி மாறியது என்று இப்போதும் பார்க்கிறேன். "அவர் வெளியவே இருக்கட்டும் வில்டா. வவ்வால் நோய் இருக்கிற நியூயார்க் குகைக்குப் போய்ட்டு வந்த உடுப்புன்னு நீதானே சொன்ன?" என்றாய். துவைத்துவிட்டாயா என்று கேட்டாய். துவைப்பதா, அவர் சேற்றையா என்று நான் கத்தினேன். அதற்குப் பின் நான் பேசியதை எழுதக் கூசுகிறது, ஆனால் எழுதத்தான் வேண்டும். "நாலு வவ்வாலுக்காக என் புருஷனை வாசல்ல நிறுத்துற. நீயெல்லாம் ஒரு சிநேகிதியா? புருஷன்னு ஒருத்தன் இருந்து செத்திருந்தாத்தான் உனக்குத் தெரியும்" என்றேன். நீ கல்யாணம் செய்துகொள்ளாதவள் என்று தெரிந்தே சொன்னேன். கண்ணீர் தாரை தாரையாக ஓடியது உனக்கு. ஆனால் கிராதியை விட்டு ஓர் அடி நகரவில்லை. "என்னை என்ன வேணா சொல்லிக்க. திறக்க மாட்டேன்" என்றாய்.

வண்டியைத் திருப்பும்போது ஜன்னல் வழியாக ஹக்கிள்பெரிப் பழம் வைத்து நீ சுட்ட பலகாரத்தைத் திணித்தாய். முதல் பெட்ரோல் பங்கிலேயே குப்பைத்தொட்டியில் போட்டேன். பாதியைத் தின்றுவிட்டுத்தான் போட்டேன், அதையும் மறைக்கவில்லை.

அடுத்த ஜனவரியில் பக்வீட் குகையில் முதல் வெள்ளை மூக்கு தெரிந்தது. அன்றிலிருந்து ஒரு சனிக்கிழமை என்னை அரித்துக்கொண்டிருக்கிறது. 2007 பிப்ரவரியில் நானும் எமரியும் நியூயார்க் போய் இரண்டு நாள் குகை இறங்கினோம். அங்கே ஒரு வவ்வால் வாசலுக்குப் பக்கத்திலேயே தொங்கியது. மூக்கில் வெள்ளை. "இங்க பாருடி, மாவு டப்பாவுல தலைய விட்டுட்டு வந்திருக்கு" என்று எமரி சிரித்தார். நானும் விழுந்து விழுந்து சிரித்தேன். அடுத்த சனிக்கிழமை அதே உடுப்பு, அதே சேறு, பக்வீட் குகை. வவ்வால்கள் தொங்குகிற கூடத்துக்கு நேர் கீழே வயிற்றால் ஊர்ந்து போனோம். அப்போது உலகத்தில் யாருக்கும் ஒன்றும் தெரியாது. நிஜம்தான். இருந்தாலும் தூக்கம் வரவில்லை.

நாங்கள்தான் கொண்டுவந்தோமா என்று கேசியிடம் கேட்டேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "வவ்வால்கிட்டருந்து வவ்வாலுக்குத்தான் அதிகம் ஒட்டுது வில்டாம்மா. ராத்திரியெல்லாம் பறக்குதுங்க, மலை தாண்டிப் போகுதுங்க. உங்களால வந்துச்சா, அதுங்களே கொண்டு வந்துச்சுங்களான்னு யாராலயும் சொல்ல முடியாது" என்றாள். ஆறுதலுக்குத்தான் சொன்னாள். எமரி இதொன்றும் தெரியாமல் போனார், அதற்கும் கடவுளுக்கு நன்றி சொல்லிக்கொள்கிறேன்.

வவ்வால் எண்ணிய பிறகு, போன மாத நடுவில் எங்கள் குகைக் குழு தீயணைப்பு நிலையக் கூடத்தில் கூடியது. கேசி வந்து ஒரு கேள்வி கேட்டாள். நோய் தெரிவதற்கு முன்னால் வடக்கே போய்வந்து துவைக்காமலே கிடக்கும் சாமான் யாரிடமாவது இருக்கிறதா, சோதனைக்கு வேண்டும் என்றாள். நாற்பது பேர் கூரையைப் பார்த்தார்கள். நான் கையைத் தூக்கினேன். நியூயார்க், மாவு டப்பா, சனிக்கிழமை என்று எல்லாவற்றையும் எழுந்து நின்று சொன்னேன். கல்லெறிவார்கள் என்றுதான் நினைத்தேன். பின்வரிசையில் டில்லார்ட் எழுந்தார். உனக்குத் தெரியுமே, வாயில் புகையிலையோடு சர்ச்சுக்கே வருகிற கிழவர். "நானும்தான் அந்த வருஷம் மார்ச்சுல நியூயார்க் போனேன். கயிறு இன்னும் கொட்டாய்ல கிடக்கு. ஒத்தையா நின்னு பேர் வாங்கப் பாக்காத வில்டா" என்றார். அப்புறம் ஒவ்வொரு கையாக எழுந்தது. பதினோரு பேர். அந்த மனிதர்களை நான் முப்பது வருஷமாகத் திட்டிக்கொண்டே இருந்திருக்கிறேன், அன்றைக்கு ஒவ்வொருவர் கையையும் பிடித்து முத்தம் கொடுத்தேன். டில்லார்ட் மட்டும் ஓடிவிட்டார்.

எமரியின் உடுப்பைக் கேசியிடம் கொடுத்தேன். பைக்கு இரண்டு உறை போட்டு எடுத்துப்போனாள்.

இந்தச் செவ்வாய்க்கிழமை அவளே வீட்டுக்கு வந்து முடிவைச் சொன்னாள். தொலைபேசியில் சொல்ல மனம் வரவில்லையாம். முழங்கால் ஒட்டுக்குள் இருந்த சேற்றைச் சுரண்டிக் கண்ணாடித் தட்டில் வைத்தார்களாம். கொஞ்ச நாளில் அதே பூஞ்சை வெள்ளையாக முளைத்துவிட்டதாம். உயிரோடுதான் இருந்திருக்கிறது. நான் காரில் போட்டு மூன்று நாள் ஓட்டி, உன் வாசல்வரை கொண்டுவந்த பைக்குள், நீ கேள்வி கேட்டபோது, அது உயிரோடு இருந்திருக்கிறது.

உன் லாந்தர் குகையில் அப்போது இருநூற்றுப் பன்னிரண்டு வவ்வால்கள் என்று சொல்லியிருந்தாய். நான் நாலு வவ்வால் என்றேன்.

ஒரு தடவை தெரியாமல் செய்ததையே, செய்தோமா இல்லையா என்றுகூடத் தெரியாததையே, என்னால் சுமக்க முடியவில்லை. இரண்டாவது தடவை தெரிந்தே செய்திருப்பேன். எமரியின் பெயர் வைத்த வழியில், எமரியின் உடுப்பாலேயே செய்திருப்பேன். நீ அன்றைக்கு மனம் இளகி, பாவம் புருஷனை இழந்தவள், ஒரே ஒரு முறைதானே என்று திறந்திருந்தால் நான் இன்று என்ன ஆகியிருப்பேன்? மற்ற எல்லோரும் அந்த வருஷம் எனக்காக இளகினார்கள். சாப்பாடு கொண்டுவந்தார்கள், நான் கத்தினால் பொறுத்துக்கொண்டார்கள், சொன்னதற்கெல்லாம் தலையாட்டினார்கள். நீ ஒருத்திதான் மாட்டேன் என்றாய். எனக்கு யாரும் இதைவிடப் பெரிய நல்லது செய்ததில்லை. நன்றி இங்க்ரிட். எமரி சார்பிலும் நன்றி. அவருக்குத் தெரிந்திருந்தால் உன் பக்கம்தான் நின்றிருப்பார், என்னைக் காருக்குள் தள்ளிக் கதவைச் சாத்தியிருப்பார்.

உடுப்பை அழித்துவிடுவார்களாம். திருப்பிக் கேட்கவில்லை.

இனி உன்னைச் சிரிக்கவைக்கச் சில செய்திகள். எங்கள் குழுவுக்கு இப்போது நான்தான் வண்ணாத்தி. மாதத்தில் ஒரு சனிக்கிழமை தீயணைப்பு நிலைய முற்றத்தில் பெரிய அண்டாக்களில் வெந்நீர். முதலில் சேற்றைத் தேய்த்து எடுக்க வேண்டும், அப்புறம் கை வைக்க முடியாத சூட்டில் இருபது நிமிடம் முழுசாக மூழ்கிக் கிடக்க வேண்டும். நான் கடிகாரமும் வெப்பமானியுமாக நிற்கிறேன். பத்தொன்பதாவது நிமிடத்தில் எடுக்கப் பார்க்கிறவன் என்னிடம் வாங்கிக் கட்டிக்கொள்வான். வெந்நீர் தாங்காத சாமான் ஒரே குகைக்குத்தான், அதன் மேல் பெயிண்டில் குகையின் பெயரை எழுதிவிடுவோம். இங்கே தொட்ட எதையும் நோய் இல்லாத மாநிலத்துக்கு எடுத்துப்போகக் கூடாது, துவைத்திருந்தாலும் கூடாது என்று தீர்மானம் போட்டிருக்கிறோம். கையெழுத்துப் போட்ட முதல் ஆள் நான். டில்லார்ட் தன் உடுப்பைத் தரமாட்டேன் என்று அடம்பிடித்தார். "இந்த அழுக்குதாண்டி துணியைப் புடிச்சு வெச்சிருக்கு. கழுவினா பிஞ்சு போகும்" என்றார். பிடுங்கி அண்டாவில் போட்டேன். கிழவர் சொன்னது சரிதான், உடுப்பின் இரண்டு கையும் தனியாக மிதந்து வந்தன.

எங்கள் அறுபத்தொன்றில் மற்றப் பாதி வெள்ளை இல்லாமல் நன்றாகத்தான் இருந்தன. சிலது தாங்கிவிடக்கூடும், அவற்றின் குட்டிகளும் தாங்கக்கூடும் என்று கேசி சொல்கிறாள். அவற்றை எழுப்பாமல் இருப்பதுதான் நம்மால் ஆன உதவியாம். இத்தனை வருஷம் அவற்றின் வீட்டுக்குள் தடதடவென்று நடந்தவளுக்குச் சும்மா இருப்பது எவ்வளவு கஷ்டமான வேலை என்று இப்போதுதான் தெரிகிறது. ஆனாலும் செய்கிறேன்.

இந்தக் குளிர்காலத்தில் லாந்தர் குகையில் எத்தனை என்று எனக்கு எழுது. வேறு எதுவும் எழுதப் பிடிக்காவிட்டால் ஒரு அஞ்சலட்டையில் எண்ணை மட்டும் எழுதிப் போடு, போதும். குறையாமல் இருக்க வேண்டும் என்று ஒவ்வொரு ஞாயிறும் சர்ச்சில் மண்டியிடுகிறேன். பக்கத்தில் இருப்பவர்கள் எமரிக்காக என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

நீ சம்மதித்தால் ஜூனில் வருகிறேன். குகைக்கு இல்லை, உன்னைப் பார்க்க. அன்றைக்குச் சொன்ன வார்த்தைக்கு நேரில் மன்னிப்புக் கேட்க வேண்டும், அதைத் தபாலில் அனுப்ப முடியாது.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். என்னை நீ நன்றாக அறிவாய். அங்கே வந்து, அந்த மலையைப் பார்த்ததும் எனக்குப் புத்தி மாறலாம். அவர் பெயர் வைத்த இடத்தை ஒரே ஒரு தடவை பார்க்கிறேன் என்று உன்னிடம் கெஞ்சுவேன். அழுவேன். அன்றைக்குச் சொன்னதைவிட மோசமாக ஏதாவது சொன்னாலும் சொல்வேன். திறக்காதே, என் கண்ணே. அன்றைக்கு நின்ற மாதிரியே நில்.

நீயும் உன் இருநூற்றுப் பன்னிரண்டும் நீண்ட காலம் நன்றாக இருக்க வேண்டும்.

உன் அன்புக்கு ஏங்கும்,
வில்டா டீட்டர்