அவசரப் பையும் பின்னறை மூட்டைகளும்

அக்டோபர் 7, செவ்வாய்

வெயில். காற்றே இல்லை. பிரஸ்ஸில் இரண்டாவது மிஷின் மறுபடி நின்றது. சென்சார் போய்விட்டது, மாற்ற வேண்டும் என்று ஓனரிடம் சொன்னால் "தட்டிப் பாரு" என்கிறார். டிப்ளமா முடித்தது தட்டிப் பார்க்கத்தான்.

சாயங்காலம் பட்டாசுக் கம்பெனிகள் இருக்கிற எம். புதுப்பட்டிப் பக்கம் ஒரு சத்தம். டீக்கடையில் அத்தனை கிளாஸும் அந்தரத்தில் நின்றன. எல்லோரும் ஒரே திசையைப் பார்த்தோம். புகை இல்லை. "இடியா இருக்கும்" என்றார் ஒருவர். மேகமே இல்லை. டீயைக் குடித்துவிட்டுக் கலைந்தோம். இந்த ஊரின் பேரிடர் முன்னேற்பாடு இவ்வளவுதான்.

அக்கா பிரசவத்துக்கு வந்திருக்கிறாள். எட்டு மாதம் முடிந்து ஒன்பது. திடீரென்று வலி வந்து, மழையும் பிடித்து, கரண்டும் போனால் என்ன செய்வது? கேட்டேன். அம்மா "அப்பப் பாத்துக்கலாம்" என்றாள். அக்கா டிவி சத்தத்தைக் கூட்டினாள். சரி, நானே பார்க்கிறேன்.

வாங்க: டார்ச், பேட்டரி, தண்ணீர் கேன் (குழாய் வைத்தது), பிஸ்கட், தீப்புண் களிம்பு, பஞ்சு, கயிறு. அக்காவின் ஸ்கேன் ரிப்போர்ட் நகல். நோட்டு, பேனா. எல்லாம் ஒரே பையில்.

அக்டோபர் 8, புதன்

பிரஸ் விட்டதும் பாய் கடை. சாமான்களைப் பார்த்துவிட்டு பாய்:

"என்ன தம்பி, எதுத்தாப்புல கடை போடப் போறீகளா?"

"எமர்ஜென்சிக்கு பாய். வீட்ல வச்சுக்க."

"வைங்க வைங்க. கொரோனாவுக்கு வாங்குன ரவை எங்க வீட்ல இன்னும் கிடக்கு. வண்டும் நாங்களும் பங்கு போட்டுத்தான் திங்கிறோம்."

சிரித்துக்கொண்டே கட்டிக் கொடுத்தார். இருந்ததில் மலிவான கேனாக எடுத்தேன். குழாய் கொஞ்சம் லொடலொடவென்று இருக்கிறது. பரவாயில்லை.

அக்டோபர் 9, வியாழன்

புழுக்கம். கேன்களை எங்கே வைப்பது? பின்னறைதான். அங்கேதான் அகலமான கடப்பாக்கல் ஸ்லாப் இருக்கிறது, வெயிலும் படாது. அம்மா வாசலை மறித்துக்கொண்டு நின்றாள்.

"அங்கன வேணாம்லே. குழாய் மூட்டை கிடக்கு."

காகிதக் குழாய். வெடிக்குச் சுற்றுகிற வெறும் குழாய். தெருவில் பாதி வீடு சுற்றுகிறது. தாயில்பட்டிப் பக்கம் அம்மா வேலை பார்க்கும் பட்டாசுக் கம்பெனியில் அவள் தம்பி, என் மாமாதான் போர்மேன். அவர் கொண்டுவந்து போட்டிருக்கிறார். கம்பெனிக்கு ஆபீசர்கள் செக்கிங் வருகிறார்களாம், அங்கே இடமில்லையாம்.

"வெறும் குழாய்க்கு எதுக்கும்மா இம்புட்டு பதட்டம்?"

"பதட்டம் என்ன? அவன் நம்பிக் குடுத்திருக்கான். மழை பிடிச்சா மூணு மாசம் கம்பெனி கிடையாது. திறந்ததும் யாரை முதல்ல கூப்பிடுவான்? மூட்டையப் பாத்துக்கிட்டவளத்தான். நீ தண்ணிய சேத்து வைக்கிற, நான் இத சேத்து வைக்கிறேன். அம்புட்டுத்தான் வித்தியாசம்."

கடைசியில் இறங்கி வந்தாள். ஸ்லாப்பில் வை, மூட்டையைத் தொடாதே. வைத்தேன். தொடவில்லை. ஸ்லாப்புக்கு நேர் கீழே மூட்டைகள்.

அக்டோபர் 11, சனி

வீட்டைவிட்டு வெளியேறும் ஒத்திகை நடத்தினேன். நான் "ஆ" என்றதும் அக்கா முன்வாசல், அம்மா அடுப்பை அணைத்துவிட்டுப் பின்னாலேயே, பை என் தோளில். பஸ் ஸ்டாப்பில் சேர வேண்டும். அம்மா அடுப்பை அணைக்கவில்லை, பால் பொங்கியது. அக்கா வாசல்வரை வந்து உட்கார்ந்துவிட்டாள். "என் பிள்ளை உன்னவிட முன்னாடி வந்துரும் போலலே."

தெருக்கோடி வீட்டுக் காளியம்மா அத்தை தண்ணீர்க் குடத்தோடு நின்று வேடிக்கை பார்த்தாள்.

"என்ன மருமகனே, ஓட்டப்பந்தயமா?"

"நீங்களும் பழகிக்கோங்க அத்தை. மழை வருது."

"வரட்டும். எங்க வீட்டு கூரை சீட்டு ஓட்டையில மழை உள்ளதான் முதல்ல பெய்யும். எங்க வீட்டுக்காரரு, உங்க மாமா, இடுப்பு உடைஞ்சு கிடக்காரு. அவரத் தூக்கிட்டு நான் ஓடுறதுக்குள்ள மழை விட்டுரும்."

சிரித்தாள். நானும் சிரித்தேன்.

பின்னறைப் பக்கம் மூத்திர வாடை. பூனை மோண்டிருக்கும் என்றாள் அம்மா. பினாயில் வாங்க.

அக்டோபர் 13, திங்கள்

வானம் மூடி இருக்கிறது. இறங்கவில்லை.

மாமா வந்தார். உள்ளே வரவில்லை, வண்டியை விட்டே இறங்கவில்லை. நான் ஜன்னலுக்கு இந்தப் பக்கம் ஷூவுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தேன்.

"ஈரம் மட்டும் படாமப் பாத்துக்கோக்கா."

"எப்ப எடுக்கப் போற? வீட்ல பிள்ளத்தாச்சி இருக்கா."

"செக்கிங் இன்னும் முடியலங்கேன். தீபாவளி கழியவும் எடுத்துக்கிறேன். உன் வீட்ல மட்டுமா வச்சிருக்கேன்?"

காகிதக் குழாய் நனைந்தால் கூழாகும், நஷ்டம். அதனால் சொல்கிறார். அப்படித்தான் நினைத்தேன்.

பினாயில் ஊற்றியும் வாடை போகவில்லை. கூடியிருக்கிறது. கண் எரிகிறது. பூனையை இதுவரை நான் பார்க்கவில்லை.

அக்டோபர் 15, புதன்

பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்து எழுதுகிறேன். பையில் நோட்டும் பேனாவும் வைத்தது உதவுகிறது.

பிரஸ்ஸுக்கு இன்று அரைநாள் லீவு. கேன் தண்ணீரை மாற்றலாம் என்று பின்னறைக்குப் போனேன். ஓரத்துக் கேன் பாதி காலி. குழாய் சொட்டியிருக்கிறது, எத்தனை நாளாகவோ. கீழே ஒரு மூட்டை முழுக்க நனைந்திருந்தது. கை வைத்தேன். சூடு. ஈர மூட்டை சூடாக இருக்கக் கூடாது.

பிரித்தேன். குழாய் இல்லை. சாம்பல் நிறத்தில் மிளகு மிளகாக வெடிமருந்து. அப்போதுதான் மூளை வேலை செய்தது. இது பூனை இல்லை. கல்லூரி லேபில் முகர்ந்தது. அம்மோனியா. அலுமினியப் பவுடரும் வெடியுப்பும் ஈரத்தில் சேர்ந்தால் வருவது. அது பாட்டுக்குச் சூடேறும். ஏறிக்கொண்டே போகும்.

தண்ணீர் என்னுடையது. மருந்து அம்மாவுடையது.

"ஆ" என்றேன். அக்கா என் முகத்தைப் பார்த்தாள், எழுந்தாள், நடந்தாள். ஒத்திகையில் இப்படி நடக்கவில்லை. அம்மா நகரவில்லை. நான் போனை எடுத்தேன்.

"போன கீழ வை. மாமா வந்து எடுத்துட்டுப் போவான்."

மாமாவுக்கு அடித்தேன். சுவிட்ச் ஆஃப்.

"எப்பலேர்ந்தும்மா இது உள்ள இருக்கு?"

"வருசா வருசம் வைக்கிறதுதான். ஒண்ணும் ஆனதில்ல. நீதானலே தண்ணியக் கொண்டாந்து வச்ச!"

உண்மை. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன். வாசலில் வைத்தே தீயணைப்புக்கு அடித்தேன். முகவரி சொன்னேன், பெயர் சொன்னேன். யார் வைத்தது என்று கேட்டார்கள். அம்மா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். சொன்னேன்.

"என்னப் பிடிச்சுக் குடுத்துட்டியேலே" என்றாள். பஸ் ஸ்டாப்பின் அந்த மூலையில் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறாள். போலீஸ் ஜீப் அரசமரத்தடியில் நிற்கிறது. அக்காவை அவள் மாமியார் வீட்டுக்கு, ஆமத்தூருக்கு, ஆட்டோவில் அனுப்பிவிட்டேன். ஸ்கேன் ரிப்போர்ட் அவள் கையில்.

எங்கள் வீட்டுக்கு இந்தப் பக்கம் நாலு வீடு, அந்தப் பக்கம் நாலு வீடு காலி செய்துவிட்டார்கள். தீயணைப்பு வண்டி தெருமுனையில். தண்ணீர் அடிக்கவில்லை, கிட்டேயும் போகவில்லை. விஷயம் தெரிந்த ஆள் வர வேண்டுமாம். காத்திருக்கச் சொல்லிவிட்டார்கள்.

சற்று முன் தீயணைப்பு ஆபீசர் கூட்டத்தைப் பார்த்துக் கத்தினார்:

"வேற எந்த வீட்லயாச்சும் இருக்கா? போலீஸ் கேஸ அப்புறம் பாத்துக்கலாம். இப்பச் சொல்லிருங்க."

தெரு முழுக்க நிற்கிறது. எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். ஒருவர் என் அம்மாவைப் பார்த்தார். பிறகு ஜீப்பைப் பார்த்தார்.

மாமா அன்றைக்குச் சொன்னது: 'உன் வீட்ல மட்டுமா.'

தூறல் ஆரம்பித்துவிட்டது. நோட்டில் சொட்டுகிறது. கூட்டம் ஸ்டாப்புக்குள் ஒதுங்குகிறது.

காளியம்மா அத்தை பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல்:

"மருமகனே, உங்க வீட்ல ஏதோ வாடை வந்துச்சுன்னு ஆபீசர்கிட்ட சொன்னியே. எப்படி இருந்துச்சு?"

"பூனை மோண்ட மாதிரி அத்தை. ஏன்?"

"சும்மா கேட்டேன்."

மழை வலுக்கிறது. தெருக்கோடி வீட்டை யாரும் காலி செய்யவில்லை. அத்தை மட்டும் இங்கே இருக்கிறாள், புருஷன் இல்லை.

"மாமா எங்க அத்தை?"