நாற்பது பேர் பார்த்த மாதிரி வகுப்பு

மரக்காணம்
18-2-1974

அம்சவள்ளிக்கு,

நான் நலமாக இல்லை. உன் நலம் கேட்கவும் இப்போது மனசில்லை. டிரெயினிங் ஸ்கூலில் ஒரே தட்டில் சாப்பிட்டவளாயிற்றே என்றுதான் கார்டில் எழுதாமல் கவரில் எழுதுகிறேன். கார்டில் எழுதினால் தபால்காரர் முதல் ஊர் முழுக்கப் படித்துவிடும்.

மன்றச் செயலாளர் என்ற முறையில் சனிக்கிழமை ஆசிரியர் மன்றக் கூட்டத்துக்கு என் பள்ளிக்கூடத்தைத் தேர்ந்தெடுத்தது நீ. மாதிரி வகுப்பு எடுக்க என் மூன்றாம் வகுப்பைக் கேட்டதும் நீ. சந்தோஷமாகத்தான் சம்மதித்தேன். கடைசியில் என்ன ஆயிற்று? வந்த நாற்பது ஆசிரியர்களுக்கும் வடை சுட ஆளில்லை என்று ஹெட்மாஸ்டர் என்னைச் சமையல் கொட்டகைக்கு அனுப்பிவிட்டார். என் வகுப்பில் நீ பாடம் நடத்தினாய், நான் அடுப்பு ஊதினேன். சரி, அதைக்கூட விட்டுத் தொலைக்கிறேன்.

உப்பளத்துப் பிள்ளைகள் ஆறு பேரை வெளியே அனுப்பி, வந்தவர்களின் செருப்புக்குக் காவல் வைத்தாயாமே! இன்றைக்குப் பிள்ளைகள் சொல்லித்தான் எனக்கே தெரியும். விடிவதற்குள் அளத்தில் இறங்கிவிட்டு, வேலை முடிந்து வகுப்புக்கு ஓடிவருகிற பிள்ளைகள் அவர்கள். அவர்களுக்காகத்தான் கணக்குப் பாடத்தையே மத்தியானத்துக்கு மாற்றினேன். உப்பு பட்டு விரல் வெடித்திருக்கிறது, பலப்பம் பிடிக்க முடியவில்லை என்று வாயாலேயே கணக்குப் போடப் பழக்கினேன். அவர்களில் சின்னப்பாப்பா பள்ளிக்கூடம் திறந்ததிலிருந்து ஒரு வார்த்தை பேசாதவள். பொங்கலுக்கு அப்புறம்தான் வாயைத் திறந்தாள். அவள் ஜன்னலுக்கு வெளியே நின்று உன் கேள்விக்குப் பதில் கத்தினாளாம். நாற்பது பேரும் சிரித்தார்களாம். "வாய மூடிக்கினு செருப்பப் பாரு" என்றாயாம் நீ.

இன்று அவள் வரவில்லை. உனக்குக் கொஞ்சமாவது வெட்கம் இருக்கிறதா?

கொளஞ்சியம்மாள்


திண்டிவனம்
22-2-1974

அன்புள்ள கொளஞ்சி,

கடிதம் கிடைத்தது. அப்பப்பா, உன் கோபம் கொஞ்சமும் மாறவில்லை.

என் நிலைமையையும் நினைத்துப் பார். இருந்தது ஒரு மணி நேரம். எதிரே நாற்காலியில் டெபுடி இன்ஸ்பெக்டர். பாடத்தை எப்படி ஒழுங்காகக் கொண்டுபோவது என்று பார்க்க வந்தவர்கள் மற்றவர்கள். தடுமாறுகிற பிள்ளைகளை முன்னால் உட்கார வைத்தால் பாடம் எங்கே நகரும்? அதனால்தான் முந்தின நாள் சாயங்காலம், நீ வீட்டுக்குப் போன பிறகு வந்து, நன்றாகப் படிக்கிற பிள்ளைகளோடு ஒரு தடவை ஒத்திகை பார்த்தேன். மாதிரி வகுப்பு எடுக்கிற எல்லோரும் செய்வதுதானே?

ஐம்பத்திரண்டு மூட்டை உப்பு, இருபத்தேழு மூட்டையை லாரியில் ஏற்றியாயிற்று, மீதி எவ்வளவு என்று கழித்தலைக் கதையாக ஆரம்பித்தேன். அது உன்னிடம் கற்றதுதான். இன்ஸ்பெக்டர் 'மிக நன்று' என்று எழுதியிருக்கிறார். டிரெயினிங் ஸ்கூல் வேலைக்கு என் பெயரைச் சிபாரிசு செய்வதாகவும் சொன்னார். நான் மேலே போனால் உன்னை விட்டுவிடுவேனா? உன்னையும் கூப்பிட்டுக்கொள்வேன்.

ஒரு பிள்ளை ஒரு நாள் வரவில்லை என்பதற்கா இத்தனை ஆர்ப்பாட்டம்? தானே வருவாள். நேரத்துக்குச் சாப்பிடு.

உன் பிரியமுள்ள
அம்சவள்ளி


மரக்காணம்
25-2-1974

அம்சவள்ளிக்கு,

தானே வருவாளாம்! ஒரு வாரம் ஆயிற்று. நேற்று அளத்துக்கே போனேன். அவள் அம்மா வேலம்மாள் உப்பு வாரிக்கொண்டிருந்தாள். "செருப்புக்குக் காவல் இருக்கறதுக்குப் பள்ளிக்கூடம் எதுக்கு டீச்சர்? இங்க வந்தா கூலியாச்சும் குடுக்குறாங்க" என்றாள். சின்னப்பாப்பா என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

விடை தெரிந்த பிள்ளைக்கு விடை சொல்லிக்கொடுப்பதைப் பார்க்கவா நாற்பது பேர் பஸ் ஏறி வந்தார்கள்? ஒரு பிள்ளை தடுமாறினால் அடுத்து அதனிடம் என்ன கேட்பது, எவ்வளவு நேரம் பொறுத்திருப்பது, அதையல்லவா காட்டியிருக்க வேண்டும்? அது உனக்கே தெரியாது போலிருக்கிறது. இந்த லட்சணத்தில் நாளைக்கு டிரெயினிங் ஸ்கூலில் வேறு சொல்லிக்கொடுக்கப் போகிறாய்.

என்னை எங்கேயும் நீ கூப்பிட வேண்டாம். சின்னப்பாப்பாவைக் கூப்பிடு. விரட்டியவள் நீதானே, நீயே வா.

கொளஞ்சியம்மாள்


திண்டிவனம்
4-3-1974

கொளஞ்சி,

நேற்று வந்தேன். உன் முகத்தில் விழிக்கப் பயந்து, பஸ்ஸை விட்டு இறங்கியதும் நேராக அளத்துக்குப் போய்விட்டேன். வேலம்மாள் என்னைப் பார்த்ததும் முதுகைக் காட்டிக்கொண்டு உப்பு வார ஆரம்பித்தாள். சின்னப்பாப்பாவிடம், "பள்ளிக்கூடத்துக்கு வாம்மா, இனிமே உன்ன யாரும் வெளிய அனுப்ப மாட்டாங்க" என்றேன். தலையைக் குனிந்துகொண்டு காலால் உப்பைக் கிளறினாள். அப்புறம், "அன்னிக்கி நான் சொன்னது சரியா தப்பா டீச்சர்?" என்று கேட்டாள்.

அவள் என்ன சொன்னாள் என்றே எனக்கு நினைவில்லையடி. எல்லோரும் சிரித்ததுதான் நினைவிருக்கிறது. "சரிதாம்மா" என்று சொல்லிவிட்டேன். "அப்பறம் ஏன் எல்லாரும் சிரிச்சீங்க?" என்றாள். பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். ராத்திரி தூக்கமே இல்லை.

இன்று வந்தாளா? ஒரு வரி எழுது.

அம்சவள்ளி


மரக்காணம்
7-3-1974

அம்சவள்ளிக்கு,

வரவில்லை.

ஐம்பத்திரண்டில் இருபத்தேழு போக அவள் சொன்னது முப்பத்தைந்து. கூட இருந்த பிள்ளைகள் எனக்குச் சொன்னார்கள். தப்பான விடை, இருபத்தைந்து வர வேண்டும். இரண்டில் ஏழு போகாது என்றதும், ஏழில் இரண்டைக் கழித்து ஐந்து என்று வைத்துக்கொண்டிருக்கிறாள். பக்கத்தில் கடன் வாங்கத் தெரியவில்லை, அவ்வளவுதான். "எப்டிம்மா வந்துச்சு?" என்று நாற்பது பேரில் ஒருத்தர் கேட்டிருந்தால் அங்கேயே சரி செய்திருக்கலாம். கேட்கவில்லை, சிரித்தீர்கள். அதுவும் போதாதென்று நீ அளம் வரைக்கும் போய், காதில் வாங்காத பதிலைச் சரியென்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாய். நீயெல்லாம் ஒரு டீச்சரா?

நேற்று நானும் போனேன். "அது தப்பு பாப்பா, வா, சேந்து போட்டுப் பாக்கலாம்" என்றேன். அவள் என்ன சொன்னாள் தெரியுமா?

"பெரிய டீச்சரே சரின்னு சொல்லிட்டாங்க. அப்ப எனக்குக் கணக்கு வந்துடுச்சில்ல? இனிமே எதுக்கு வரணும்?"

ஞாயிற்றுக்கிழமை வா. வந்து, நீ சொன்னது பொய் என்று உன் வாயாலேயே அவளிடம் சொல். அதுவரை உன் கடிதம் எதையும் நான் பிரிக்கப்போவதில்லை.

கொளஞ்சியம்மாள்