நாற்பத்தோராம் எண் முகம்

புதுச்சத்திரம்
12-7-2025

அன்புள்ள அம்மிணி கிருத்திகாவுக்கு,

இங்கு எல்லோரும் சுகம். மாப்பிள்ளையும் கனிஷ்காவும் சுகம்தானே? போனில் பேசினால் மூன்றாம் நிமிடமே வைத்துவிடுகிறாய், அதனால் கூரியரில் எழுதுகிறேன்.

முட்டை ஓட்டின் உள்தோலிலிருந்து எங்கள் கம்பெனியில் எடுக்கும் கொலாஜன் பொடியை வேலூர்ப் பக்கம் அறுபது பெண்களுக்கு மூன்று மாதம் கொடுத்து ஆய்வு செய்தாயே, அந்தப் படங்களைப் பார்த்தேன். அசந்துவிட்டேன். அட்டைப்பெட்டிக்கு முகம்கூடத் தேர்ந்தெடுத்தாயிற்று. நாற்பத்தோராம் எண், செல்லியம்மாள். பங்குனிப் படத்தில் அக்கா, ஆனிப் படத்தில் தங்கை! "முகச்சுருக்கம் குறைகிறது" என்று எழுதி, தோல் டாக்டராக நீ கையெழுத்துப் போட்டால் போதும்.

ஆவணியில் கனிஷ்காவுக்குக் காதுகுத்து. மாமன் மடி தயார். உன் அண்ணி தோடு எடுத்துவிட்டாள்.

உன் பிரியமுள்ள அண்ணன்,
மோகன்குமார்


சேலம்
17-7-2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம். மாமன் மடியில் அழாமல் உட்கார வேண்டுமாம், கனிஷ்கா தினமும் தலையணைமேல் ஏறி ஒத்திகை பார்க்கிறாள்.

முப்பது பேருக்கு உங்கள் பொடி, முப்பது பேருக்கு அதே நிறத்தில் வெறும் மாவு. யாருக்கு எது என்று எனக்கே தெரியாமல் பட்டியலை உறையிலிட்டுக் கல்லூரியில் வைத்திருந்தோம். போன வாரம் பிரித்தோம். இரண்டு பக்கமும் ஒரே அளவுதான் சுருக்கம் குறைந்திருக்கிறது. அண்ணா, செல்லியம்மாள் குடித்தது வெறும் மாவு.

என் தப்பும் இருக்கிறது. முதல் படம் எடுத்தபோது அந்தப் பெண்களுக்குக் கரும்பு வெட்டு வேலை மும்முரம். வெயிலில் கருகி, கரும்புச் சோகை இலை கீறிய முகங்கள். கடைசிப் படத்தின்போது வெட்டே இல்லை. நம் காட்டிலும் வருஷா வருஷம் கரும்பு வெட்டுகிறார்கள், இது எனக்கு உறைத்திருக்க வேண்டாமா? செல்லியம்மாளிடமே கேட்டேன். சிரித்தார். "ஏனுங்கம்மிணி, மூணு மாசம் நெழல்ல கட்டிப்போட்டா எருமைக்கும் பளபளப்பு வருமுங்க. இதுக்கு என்னத்துக்குங்க பொடி?"

இதை அப்படியே அறிக்கையில் எழுதுகிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

உங்கள் தங்கை,
கிருத்திகா


புதுச்சத்திரம்
21-7-2025

கிருத்திகாவுக்கு,

மாவு குடித்தவர்களை விட்டுவிட்டு எழுது. என் பொடி குடித்த முப்பது பேர் முகம் மாறியது பொய்யா? ஊர் உலகத்தில் எல்லோரும் இப்படித்தான் விற்கிறார்கள். உன் ஒருத்திக்குத்தான் யோக்கியம் பொங்குகிறது. செல்லியம்மாள் படம் அச்சுக்குப் போகிறது, அவளிடம் நீ ஒன்றும் சொல்ல வேண்டாம்.

கையெழுத்து வரவில்லையென்றால் என் மடியை மறந்துவிடு. தாய்மாமன் இல்லாமல் நம் சனத்தில் யார் காது குத்தியிருக்கிறார்கள் என்று அம்மாவிடம் கேட்டுப் பார்.

மோகன்குமார்


சேலம்
1-9-2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

அறுபது பேரையும் சேர்த்தே அறிக்கை எழுதிக் கையெழுத்துப் போட்டேன். கரும்பு வெட்டைக் கவனிக்காத என் தப்பும் அதில் இருக்கிறது. பொடி குடித்தவர்கள், மாவு குடித்தவர்கள் எல்லோருக்கும் நேரில் போய்ச் சொன்னேன். தன் படத்தைப் போடக்கூடாது என்று செல்லியம்மாள் எழுதிக் கொடுத்திருக்கிறார். நகல் இத்துடன் இருக்கிறது. அதற்குமேல் அச்சடித்தால் அவரோடு நானும் வந்து உங்கள் கேட்டில் நிற்பேன்.

நேற்றுக் காதுகுத்து. பத்து மணிவரை உங்கள் வண்டிச் சத்தத்துக்குக் காத்திருந்தோம். பெரியவர்கள் குசுகுசுத்தார்கள். மாமன் முறையில் வேறு யாரையாவது உட்காரவைக்கலாம் என்றார்கள். வேண்டாம் என்றேன். மணையில் நானே உட்கார்ந்து என் மகளை என் மடியில் வைத்துக்கொண்டேன். "ஊரு பேசுமே அம்மிணி" என்றார் அம்மா. பேசட்டும் என்றேன். கனிஷ்கா அழவில்லை. நான்தான் அழுதேன், உங்களுக்காக. அதை மறைக்க மாட்டேன்.

இரண்டு படம் வைத்திருக்கிறேன். ஒன்று குத்துவதற்கு முன், ஒன்று குத்திய பின். அட்டைப்பெட்டியில் போட முகம் தேடுகிறீர்களே, வேண்டுமானால் இதைப் போட்டுக்கொள்ளுங்கள். இதிலாவது வித்தியாசம் நிஜம்.

என்றும் உங்கள் தங்கை,
கிருத்திகா