திருப்பி வைக்கப்படாத கைக்கடிகாரம்

அமிர்தசரஸ்,
பிப்ரவரி 19.

அன்பு மகள் ஜஸ்லீனுக்கு அம்மா எழுதுவது. அப்பாவின் இடது முழங்கால் நீங்கலாக இங்கே எல்லாரும் நலம். நார்வே பனியில் நீயும் காதை மூடிக்கொண்டு நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

இம்மாதம் எட்டாம் தேதி முற்பகல், எல்லைக் கோட்டுக்கு நாலடி இப்புறம் நின்று, உன் அப்பா தம் கைக்கடிகாரத்தை அரை மணி நேரம் பின்னால் திருப்பி வைப்பதில்லை என்று முடிவெடுத்தார். லாகூர் நேரம் நம் நேரத்துக்கு அரை மணி பின்னால் என்பதும், எல்லை தாண்டுகிற எல்லாரும் அந்த இடத்தில் நின்று முள்ளைத் திருப்புவார்கள் என்பதும் அவருக்குத் தெரியாதவை அல்ல. முப்பத்தெட்டு வருஷம் ரயில்வேயில் இருந்தவர், அதில் கடைசிப் பதினாறு வருஷம் எல்லையோர அட்டாரியில் ஸ்டேஷன் மாஸ்டர். "ஆறு நாளைக்காக என் கடிகாரம் நாடு மாறாது" என்றார். சாட்சிக்கு நானும் பெட்டி தூக்க வந்த ஒருவரும் இருந்தோம். அவர் தலையில் பெட்டியோடு காத்திருந்ததால் கருத்து எதுவும் சொல்லவில்லை. பிறகு அப்பா, இரண்டு நாடும் சேர்ந்து ஒழுங்காகச் செய்கிற காரியம் ஒன்றே ஒன்றுதான், சாயங்காலம் இரண்டு கொடியையும் ஒரே நொடியில் இறக்குவது, மற்றதெல்லாம் தாமதம் என்று எனக்கு விளக்கிக்கொண்டே கோட்டைத் தாண்டினார்.

ரியாசத் பட் பற்றி உனக்குத் தெரியும். அப்பா அட்டாரியில் இருந்த அதே பதினாறு வருஷமும் அவர் எதிர்ப்பக்கம் வாகாவில் ஸ்டேஷன் மாஸ்டர். வண்டியை விடலாமா என்று இவர் கேட்பதும், விடலாம் என்று அவர் சொல்வதுமாக அத்தனை வருஷம் போனிலேயே பழகியவர்கள் ஒருமுறையும் நேரில் பார்த்ததில்லை. அவர்களுக்குள் ஒரு மரியாதை வழக்கம் இருந்தது. மணி சொல்லும்போது தன் மணியைச் சொல்வதில்லை, எதிராளியின் மணியாக மாற்றித்தான் சொல்வது. எந்தச் சட்டப் புத்தகத்திலும் கிடையாது, இவர்களாக வைத்துக்கொண்டது. எந்தக் குரலிடம் வண்டி கேட்டோமோ அந்தக் குரல் உட்கார்ந்திருந்த அறையைப் பார்த்துவிட வேண்டும் என்பது இருவருக்கும் ஆசை. முதலில் நாங்கள் போவது, ஏப்ரலில் பட் சாகிபும் அவர் மனைவி தாஹிராவும் இங்கே வருவது என்று ஏற்பாடு. அவர்கள் விசா மனுவில் உன் அப்பாதான் பொறுப்பாளி. ஆகவே அங்கே நாங்கள் விசா தேதியை ஒரு நாள் மீறினாலும் இவர் பெயரில் கறுப்புப் புள்ளி விழும், இவருக்கு மறுபடி விசா கிடைக்காது, அவர்கள் மனுவும் அதோடு குப்பைக்குப் போகும். இதை அப்பாவே போகும்போது எனக்கு மூன்று முறை சொன்னார்.

அங்கே நடந்த உபசாரத்தை எழுதினால் தபால் கனக்கும். ஆட்டுக்கால் சூப்பைக் காலை ஆகாரம் என்று ஒப்புக்கொள்ளும் குடும்பம். துணிக்கடையில் நாங்கள் அமிர்தசரஸ் என்று தெரிந்ததும் கடைக்காரர் துணியை விட்டுவிட்டு, தன் தாத்தா வீடு இருந்த தெருவில் இன்னும் வேப்பமரம் நிற்கிறதா என்று கேட்டார். நான் பார்த்ததில்லை, ஆனால் நிற்கிறது என்று சொல்லிவிட்டு வந்தேன். சங்கடம் வேறு திசையிலிருந்து வந்தது. அப்பா கடிகாரத்தைத் திருப்பவில்லை என்று கேள்விப்பட்ட பட் சாகிப், விருந்தாளிக்கு மணி மாற்றிப் பார்க்கும் சிரமம் கூடாது என்று கூடத்துச் சுவர்க் கடிகாரத்தை எடுத்து நம் நேரத்துக்குத் திருப்பி மாட்டிவிட்டார். பிறகு அந்த வீடே இந்திய நேரப்படி நடந்தது, வீட்டுக்கு வெளியே லாகூர் மட்டும் லாகூர் நேரப்படி நடந்தது. அப்பா ஐந்து மணிக்கு எழுந்து இருமினால் ஊருக்கு அது நாலரை. பால் வந்திருக்காது. பேத்தி பள்ளிக்கூடம் போனால் கேட் திறந்திருக்காது.

மூன்றாம் நாள் காலை தாஹிரா சமையலறையில் என்னை ஓரம் கட்டினாள். "அண்ணி, தப்பா எடுத்துக்காதீங்க. ரெண்டு நாளா என் பேத்தி பூட்டின கேட்டுக்கு முன்னாடி குளிர்ல நிக்கிறா. வாட்ச்மேன் 'ஏன் பாப்பா, வீட்ல துரத்திட்டாங்களா'ன்னு கேக்கிறான்" என்றாள். இரண்டு ஸ்டேஷன் மாஸ்டர்களிடம் நேரத்தைப் பற்றிப் பேசுவதில் பயனில்லை என்பதில் எங்களுக்குள் கருத்து வேறுபாடு இல்லை. ஆகவே அவர்கள் மாடியில் வெயில் காய்ந்துகொண்டிருந்தபோது அவள் நாற்காலி போட்டு ஏறிச் சுவர்க் கடிகாரத்தை அரை மணி பின்னால் தள்ளினாள். குளிப்பதற்காக அப்பா கழற்றி வைத்திருந்த கைக்கடிகாரத்தை நான் பின்னால் தள்ளினேன். இரண்டும் இப்போது லாகூர் மணி காட்டின. இரண்டு ஆண்களும் அவற்றை இந்திய மணி என்றே நினைத்துக்கொண்டிருந்தார்கள். இந்தப் பகுதி அப்பாவுக்குத் தெரியாது. உன்னோடு இருக்கட்டும்.

மறுநாளே பலன் தெரிந்தது. "பாத்தியா, நேத்து ஆறரைக்கு வந்த பால்காரன் இன்னிக்கு ஆறுக்கே வந்துட்டான். ஒரு வீட்ல ஒழுங்குள்ள ஆள் ஒருத்தன் இருந்தா தெருவே திருந்தும்" என்றார் அப்பா. பட் சாகிப், "எல்லாம் நீங்க வந்த ராசி, சர்தார்ஜி" என்றார். சூரியன்கூட அரை மணி முன்னதாக எழுந்ததை, பிப்ரவரி பிறந்துவிட்டதால், இருவரும் இயல்பாக எடுத்துக்கொண்டார்கள்.

பதினான்காம் தேதி புறப்பாடு. விசாவுக்கும் அதுதான் கடைசி நாள். அவர்கள் பக்கத்துக் கதவு அவர்கள் நேரம் மூன்றரைக்கு மூடும், அதாவது நம் நேரம் நான்கு. வீட்டிலிருந்து எல்லைக்கு முக்கால் மணி. ஒரு கால் மணி கையில் வைத்துக்கொண்டு, நம் நேரம் மூன்றுக்குக் கிளம்புவது என்று இரண்டு பேரும் தாளில் கணக்குப் போட்டுக் கையெழுத்துகூடப் போட்டார்கள். கணக்கில் ஒரு பிழையும் இல்லை. கடிகாரம் இரண்டரை காட்டியதும் நான் பெட்டியோடு வந்து நின்றேன். உண்மையில் கிளம்ப வேண்டிய நேரம் அதுதான். பட் சாகிப், "என்ன அண்ணி, எங்க வீடு அவ்வளவு கசந்துடுச்சா? இன்னும் அரை மணி முழுசா கிடக்கு. சர்தார்ஜி, கேரட் அல்வா இன்னும் ஒரு கரண்டி" என்றார். அப்பா தட்டை நீட்டினார். நான் தாஹிராவைப் பார்த்தேன், அவள் என்னைப் பார்த்தாள். உண்மையைச் சொன்னால் இரண்டு பேரும் முதலில் கோபப்படுவார்கள், பிறகு கணக்கைத் திருத்துவார்கள், அதற்கே அரை மணி ஆகும். இரண்டு மணி நாற்பதுக்கு தாஹிரா போர்வையை எடுத்துப் போட்டுக்கொண்டு, "கால்வாய் ரோட்டுல கல்யாண ஊர்வலமாம். மாப்பிள்ளைக் குதிரை நடு ரோட்டுல படுத்துக்கிச்சாம். இப்ப கிளம்பலைன்னா அம்புட்டுதான்" என்றாள். "எப்படித் தெரியும்?" என்று கேட்டார் பட் சாகிப். "குதிரைக்காரன் பொண்டாட்டி சொன்னா" என்றாள். நாற்பது வருஷம் குடித்தனம் செய்தவள்.

பட் சாகிப் கார் ஓட்டுவது சரக்கு வண்டி ஓட்டுவது போல. வழியில் குதிரை தென்படாதது பற்றி இருவரும் வியந்து பேசியதில் வேகம் இன்னும் குறைந்தது. எல்லையில் இறங்கியபோது மூன்று முப்பத்தொன்று. அவர்கள் கணக்கில் இன்னும் ஏறக்குறைய அரை மணி இருந்ததால் மூன்று முறை கட்டிக்கொண்டார்கள். பட் சாகிப் திரும்ப ஓடிப் போய் ஒரு கூடை கின்னோ ஆரஞ்சு வாங்கி வந்தார். உள்ளே போனால் மேசையைத் துடைத்துப் பூட்டிக்கொண்டிருந்தார் அதிகாரி. "பெரியவரே, மூடியாச்சு. நாளைக்கு வாங்க" என்றார். எங்களுக்கு நாளை என்று ஒன்று கிடையாது. எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டுவிடுவது என்று வாயைத் திறந்தேன். அதற்குள் உன் அப்பா கைக்கடிகாரத்தை நீட்டி, "தம்பி, இது இந்திய நேரம். மூணு முப்பத்தெட்டு. அப்ப உங்க நேரம் மூணு எட்டு. உங்க சுவர்க் கடிகாரம் அரை மணி வேகமா ஓடுது, யாராவது பாக்கிறீங்களா இல்லையா?" என்றார்.

அந்த வாசலுக்கே அந்த ஒரு கடிகாரம்தான், சிப்பாய்கள் அதைப் பார்த்துத்தான் பூட்ஸ் மாட்டுவார்களாம். அதிகாரி தம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அதுவும் சுவரைப் பார்த்து வைத்ததுதான் போலிருக்கிறது, முகத்தில் உறுதி இல்லை. தடுப்புக்கு அப்பால் நின்ற பட் சாகிபிடம், "ஐயா, நீங்க நம்ம ரயில்வே ஆளு. இவர் சொல்றது நிஜமா?" என்று கேட்டார். பட் சாகிப் நெஞ்சில் கை வைத்து, "பதினாறு வருஷம் இவர் சொன்ன மணிக்குத்தான் நான் வண்டி விட்டேன் தம்பி. ஒண்ணுகூட மோதல" என்றார். தாஹிரா முக்காட்டை வாய்வரை இழுத்துக்கொண்டாள். அதிகாரி முக்காலி போட்டு ஏறிக் கடிகாரத்தை அரை மணி பின்னால் திருப்பி வைத்தார், தம் கையிலிருந்ததையும் திருப்பினார், பூட்டைத் திறந்து எங்கள் பாஸ்போர்ட்டில் முத்திரை குத்தினார். "வயசானவங்க சொன்னா கேக்கணும்" என்று பக்கத்திலிருந்த சிப்பாயிடம் சொன்னார்.

நம் பக்கத்தில் இருந்தவர்கள் கடிகாரத்தைக் காட்டி நன்றாகத் திட்டினார்கள், ஆனால் சொந்த நாட்டுக்காரரை எங்கே திருப்பி அனுப்புவது, விட்டுவிட்டார்கள். நம் கடிகாரமும் அரை மணி வேகம் என்று அப்பா கண்டுபிடித்தார். இரண்டு அரசாங்கங்களுக்கும் மனு எழுதிக்கொண்டிருக்கிறார். வீட்டுக்கு வந்ததும் அவர் குளிக்கப் போனபோது அவர் கடிகாரத்தை நான் சரியாக்கிவிட்டேன்.

பட் சாகிப் தம்பதிக்கு அனுமதி கிடைத்துவிட்டதாக நேற்று தகவல் வந்தது. ஏப்ரல் மூன்றாம் தேதி வருகிறார்கள். அட்டாரியில் தாம் உட்கார்ந்திருந்த அறைச் சாவி இப்போது யாரிடம் இருக்கிறது என்று அப்பா விசாரித்துவிட்டார். விருந்தாளிகளுக்குச் சிரமம் கூடாது என்று நம் கூடத்துக் கடிகாரத்தை லாகூர் நேரத்துக்கு வைக்கப் போகிறாராம். தாஹிராவுக்கு எழுதிவிட்டேன்.

நீ தலைக்கு எண்ணெய் வைக்காமல் திரியாதே. அங்கே டிசம்பரில் மத்தியானம் மூன்று மணிக்கே இருட்டிவிடும் என்று அப்பாவிடம் சொல்லாதே, திருத்தக் கிளம்பி வந்துவிடுவார். அவர் பிறந்த நாளுக்குக் கம்பளிச் சட்டை அனுப்பு, கடிகாரம் வேண்டாம். உனக்கு நீண்ட ஆயுளும் நிறைந்த வீடும் வாகே குரு தரட்டும்.

உன் அம்மா,
ஹர்பன்ஸ் கௌர்

பி.கு.: பதினான்காம் தேதி மாலை எல்லையில் நம் கொடி ஐந்து மணிக்கு இறங்கியது. அவர்கள் கொடி நம் நேரம் ஐந்தரைக்கு இறங்கியது.