நைனா என் தலையில் கட்டிய ரஷ்யக் காசு

அன்புள்ள நைனா,

அன்புள்ள என்று எழுதிவிட்டேன், பழக்கதோஷம். உண்மையில் உன் மேல் எனக்கு இப்போது இருப்பது கோபம்தான். நீ உயிரோடு இருந்திருந்தால் ராயபுரம் தெருமுனையில் நிற்க வைத்து நாலு பேர் பார்க்கக் கேட்டிருப்பேன். நீ கல்லறையில் நிம்மதியாகப் படுத்துவிட்டாய், அதனால் எழுதுகிறேன். தெருவே படிக்கட்டும். என்னைத் திருடி என்று பேசியதும் இதே தெருதான்.

எல்லாம் உன் ரஷ்யக் காசால் வந்த வினை. ஹார்பரில் சரக்கு தூக்கும் விஞ்ச் ஓட்டிய காலத்தில் ஒரு ரஷ்யக் கப்பல்காரனிடம் நீ வாங்கி வந்த வெள்ளி ரூபிள். ஒரு பக்கம் தாடி வைத்த ராஜா, மறுபக்கம் இரட்டைத் தலைக் கழுகு. அதற்காக நீ கையிலிருந்து கழற்றிக் கொடுத்தது, கல்யாணத்துக்கு அம்மா வீட்டில் போட்ட வாட்ச். அம்மா சாகும்வரை அதைச் சொல்லிக் காட்டினாள். "ராஜா காலத்து காசுடி, லச்சக்கணக்குல போவும், உனுக்கு இன்னா தெர்யும்" என்று நீயும் சளைக்காமல் சொன்னாய்.

கடைசிக் காலத்தில் என் வீட்டில் இருந்தபோது அதைத் துணியில் சுற்றி என் கையில் கொடுத்து, பீரோவில் பூட்டச் சொன்னாய். அன்று சாயங்காலமே அண்ணனுக்கு போன் போட்டாய். "ஜெரால்டு, காசு உனுக்குதான்டா. ரெஜினா பீரோவுல பத்ரமா கீது." நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். துணி அலசிப் போட்டவளுக்கு ஒன்றும் இல்லை, எப்போதாவது எட்டிப் பார்த்தவனுக்குக் காசா என்று என் வீட்டுக்காரர் கேட்டார். விடுங்க, அண்ணன்தானே என்றேன்.

உன் முப்பதாம் நாள் பூசை முடிந்ததும் அந்தத் துணியை அண்ணன் கையில் கொடுத்தேன். இருவருமாகப் பாரிமுனைப் பக்கம், பழைய காசு வாங்கி விற்கும் ஒரு கடைக்குப் போனோம். கடைக்காரர் தராசில் வைத்தார், எடை குறைந்தது. லென்ஸ் வைத்துப் பார்த்தார். பிறகு விளிம்பைத் திருப்பி எங்களிடமே காட்டினார்.

"அசல் ரூபிளா இருந்தா இந்த ஓரத்துல ரஷ்ய எழுத்து குழிவா பதிஞ்சிருக்கும். இதுல வெறும் கோடுதான் இருக்கு. மேல பாருங்க, பொடிப்பொடியா ஓட்டை. அச்சு அடிச்ச காசுல இப்படி வராது. இது உருக்கி ஊத்துனது."

என்ன விலை போகும் என்று அண்ணன் கேட்டான். பசங்களுக்கு விளையாடக் கொடுங்க என்றார்.

அண்ணன் காசைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தான். "நைனா குட்த்த காசு எங்க, ரெஜினா?"

"இதான்ணா."

"ஹார்பர்ல எத்தினி காசு பாத்தவரு, அவரு ஏமாந்துட்டாரா? ஒரிஜினல வித்துட்டு டூப்பு காச வெச்சிகீற நீ." காசை என் மேலேயே விட்டெறிந்துவிட்டுக் கடையிலிருந்து இறங்கிப் போனான்.

நான் என்ன சொல்வேன், நைனா? பீரோ சாவி என்னிடம்தானே இருந்தது. கிறிஸ்துமஸுக்கு நான் அனுப்பிய கேக் தட்டு மூடியபடியே திரும்பி வந்தது. அண்ணி மீன் மார்க்கெட்டில் பேசியதை எதிர்வீட்டுக்காரி மறுநாள் என்னிடமே வந்து சொன்னாள்.

இப்போது உன் பேத்தி, என் மகள் நிர்மலாவுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. பையன் காட்டுப்பள்ளி கப்பல் தளத்தில் வெல்டர், நல்ல பையன். தாய்மாமன் இல்லாமல் எப்படி என்று பத்திரிகையை எடுத்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போனோம். உள்ளே கூப்பிடவில்லை. "திருடி வூட்டு கல்யாணத்துக்கு நானு மால எட்த்துகினு வரணுமா?" என்று வாசலிலேயே கேட்டான். நிர்மலா என் பக்கத்தில் நின்றிருந்தாள். திரும்பும் வழியெல்லாம் அவள் எனக்கு முன்னால் தனியாகவே நடந்தாள். அவளும் நம்பிவிட்டாளோ?

தாலி செய்யச் சொல்ல ஏகாம்பரம் பத்தரிடம் போனேன். உன் பழைய தோஸ்து. காசு விஷயத்தைச் சொல்லும்போது அழுதுவிட்டேன். அவர் கையிலிருந்த வேலையைக் கீழே வைத்துவிட்டு, அந்தக் காசு எங்கே என்று கேட்டார். எங்கே எறிவது என்று தெரியாமல் பர்ஸிலேயே வைத்திருந்தேன். வாங்கிப் பார்த்தவர், ராஜாவின் கழுத்துக்குக் கீழே விளிம்பில் கொஞ்சம் தட்டையாக இருந்த இடத்தில் விரலை வைத்தார்.

"இது நான் உரசுன எடம்மா. உங்க அம்மா இருக்கசொல்லோ நைனா எட்த்தாந்தாரு. கல்லுல உரசிப் பாத்துட்டு வெள்ளியே இல்லன்னேன். மூஞ்சி செத்துப்போச்சி அவருக்கு. வூட்ல சொல்லிடாதடா, வாட்ச்சுக்கு அவ என்ன கொன்னுடுவான்னு கைய புட்ச்சிகினாரு."

ஆக, நீ கொடுத்த காசேதான் இது. போலி என்பது உனக்கு அப்போதே தெரியும்.

அம்மாவுக்குப் பயந்தாய், சரி. அவள் வாய்க்குப் பயப்படாதவர் யார்? ஆனால் அம்மா போன பிறகு யாருக்குப் பயந்தாய்? ஒன்றுக்கும் உதவாதது என்று தெரிந்தே அண்ணனுக்கு ஆசை காட்டினாய். அவன் உன்னை வந்து பார்க்க வேண்டும் என்றா? தெரிந்தே என் பீரோவில் பூட்ட வைத்தாய். இது ஒருநாள் வெளியே வரும், அப்போது சாவி யார் கையில் இருக்கும் என்று நினைக்காமல் செய்தாயா, நினைத்தே செய்தாயா? இதைக் கேட்கத்தான் நீ இல்லை.

அண்ணனிடம் வந்து சொல்லுங்கள் என்று பத்தரைக் கேட்டேன். தயங்கினார். "செத்தவருக்கு வாக்கு குட்த்துட்டேனேம்மா."

"உசுரோட கீறவ நான், மாமா" என்றேன். காசை என் கையில் திருப்பி வைத்தார். சரி, வருகிறேன் என்றார்.

ஞாயிறு பூசை முடிந்ததும் அவரை அழைத்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போகிறேன். மாலை போட்டு மாட்டியிருக்கும் உன் படத்துக்கு முன்னால் நின்று எல்லாவற்றையும் சொல்லப்போகிறேன். அண்ணன் நம்புவானா? நம்பினாலும், உன்னை விட்டுக்கொடுக்க மனம் வராமல் என்னையே திருடியாக வைத்துக்கொள்வானா? செய்யக்கூடியவன்தான். உன் மேல் அவனுக்கு அவ்வளவு பிரியம். எனக்கும் இருந்தது, நைனா.

ஒன்று மட்டும் சத்தியமாகச் சொல்கிறேன். கல்லறைத் திருநாளுக்கு வருவேன். அம்மாவுக்குப் பூ வைப்பேன், மெழுகுவர்த்தி ஏற்றுவேன். நிர்மலா கல்யாணத்தில் அண்ணன் மாலையோடு வந்து நின்றிருந்தால் பக்கத்தில் உனக்கும் ஒன்று ஏற்றுவேன். இல்லாவிட்டால் நான் இருக்கும்வரை உன் கல்லறை இருட்டாகவே கிடக்கட்டும்.

உன் மகள்,
ஜெரால்டு அண்ணனின் தங்கை,
ரெஜினா