ருசி பார்ப்பது சாப்பாடு ஆகாது

ஜனவரி 8, செவ்வாய்

காலை: வெள்ளை ரொட்டி, உள்பக்கம் மட்டும். மதியம்: தோல் சீவி வேகவைத்த உருளைக்கிழங்கு, ஒரு துண்டு மீன். வயிறு: ஒரு மாதிரி.

இப்படித்தான் எழுத வேண்டுமாம். ஆஸ்பத்திரியில் உணவு ஆலோசனை சொல்லும் ஷீராஸ் இந்த நோட்டைக் கொடுத்தாள். என் மூத்த பேத்தி வயதுதான் இருக்கும். "எழுத வருமாம்மா? இல்லேன்னா மருமககிட்ட சொல்லி எழுதுங்க" என்றாள். ஐந்தாவது வரை படித்தவள் நான். வகுப்பில் முதல் ஆள். சாப்பிட்டதோடு மனசில் இருப்பதையும் எழுதுவேன். படித்தால் படிக்கட்டும்.

ஜனவரி 11, வெள்ளி

க்ரோன் நோய் என்று பெயர். குடலில் புண், ஓரிடத்தில் வீங்கிச் சுருங்கியும் இருக்கிறது. பதினொரு கிலோ குறைந்துவிட்டேன். மார்ச்சில் மறுபடி வயிற்றை ஸ்கேன் படம் எடுப்பார்கள். அதற்குள், போடுகிற ஊசிக்கு வீக்கம் வடியாவிட்டால் அந்தத் துண்டை வெட்டி எடுப்பார்களாம். விடமாட்டேன். ஐந்து பிள்ளை பெற்றபோதே கத்தி படாத வயிறு இது.

இன்று கூஸ்கூஸ்: ஆவியில் வெந்த கோதுமை ரவை, மேலே கொண்டைக்கடலைக் குழம்பு. காலையிலிருந்து நின்று நான்தான் சமைத்தேன். உட்காரும்போது மருமகள் வஜீஹா எனக்கு மட்டும் தனித் தட்டு வைத்தாள். சோறும் வெந்த கேரட்டும். மற்றவர்கள் பெரிய கிண்ணத்தைச் சுற்றி, எப்போதும்போல.

"டாக்டர் சொன்னதுதானே மாமி?"

"தட்டைப் பிரிச்சு வைக்கணும்னும் டாக்டரா சொன்னாரு?"

மகன் மொன்செஃப் தலையைத் தூக்கவே இல்லை. சாயங்காலம் வலி.

ஜனவரி 17, வியாழன்

பக்கத்து வீட்டு துர்க்கியா வந்தாள். பால் கூடாதாம், ரொட்டி கூடாதாம், மீனும் கூடாதாம். ஊசியை நிறுத்திவிட்டு மூலிகைக்காரனின் கஷாயம் குடிக்க வேண்டுமாம்.

"அவன் குடிச்சுப் பாத்தானா?"

"அவனுக்கென்ன, குடல் நல்லாத்தானே இருக்கு!"

"அப்போ அவனுக்கென்னடி தெரியும்?"

காப்பியைப் பாதியில் வைத்துவிட்டுப் போனாள். போகட்டும்.

ஜனவரி 27, ஞாயிறு

வலி. இரண்டு முறை வாந்தி. சொன்னதைத்தானே தின்கிறேன்? வேறு ஒரு வாய்கூட— ச்சே.

பிப்ரவரி 5, செவ்வாய்

ஷீராஸ் நோட்டைப் புரட்டிப் புரட்டிப் படித்தாள். கஷாயக் கதைக்குச் சிரித்தாள். பிறகு முகம் மாறியது.

"வெள்ளியும் ஞாயிறும்தான் வலி வருது. அன்னிக்கு யாரும்மா சமைக்கிறது?"

"நான்தான். கூஸ்கூஸ் நாளாச்சே. மத்த நாள்தான் மருமக."

"ருசி பாப்பீங்களா?"

"ருசி பாக்காம இறக்கினா அது என்ன சமையல்?"

"அதை ஏன் எழுதலை?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "நோன்புலகூட சமைக்கிறவ நுனி நாக்குல வெச்சுப் பாக்கலாம். நோன்பு முறியாது. ருசி பாக்கறது சாப்பாடு ஆகாதும்மா. இதுகூடத் தெரியாதா உனக்கு?"

"தெரியும். நோன்புல துப்பிடுவீங்க. மத்த நாள்ல?"

நான் ஜன்னலைப் பார்த்தேன்.

"கடலை வெந்துச்சான்னு எப்படிப் பாப்பீங்க?"

"கடிச்சு."

"தோலோட. ஹரிசா?"

ஹரிசா மிளகாய் விழுது இல்லாமல் எங்கள் காபெஸ் ஊரில் யார் குழம்பு வைக்கிறார்கள்? போன மாதம் 'காரம் சாப்பிடுவீங்களா' என்று கேட்டாளே, அப்போது இல்லை என்றுதான் சொல்லியிருந்தேன். பொய் இல்லை அது! ஹரிசாவை யாராவது காரம் என்பார்களா?

பிப்ரவரி 6, புதன்

ருசி பார்க்காமல் சமைக்கமாட்டேன். அவ்வளவுதான்.

பிப்ரவரி 8, வெள்ளி

சும்மா எண்ணிப் பார்ப்போமே என்று எண்ணினேன். ருசி பார்த்தது பதினான்கு கரண்டி. கடலை மட்டும் ஒன்பது, பச்சை வெங்காயம் ஒரு துண்டு. இது ஒரு தட்டுச் சாப்பாடு. அதற்கு மேலேயே இருக்கும்.

ராத்திரி முழுக்க வலி. யாரையும் எழுப்பவில்லை.

பிப்ரவரி 15, வெள்ளி

கரண்டியை வஜீஹாவிடம் கொடுத்தேன். அவள் வாங்காமல் நின்றாள்.

"உப்பு பாரு."

"சரியா இருக்கா மாமி?"

"என்னைக் கேட்டா? உன் நாக்கு எங்க போச்சு?"

"இருபது வருஷமா இந்தக் கூஸ்கூஸ் கரண்டியைத் தொட விடலை. இப்போ நாக்கு எங்கன்னு கேக்கறீங்க!"

வாய் துடுக்கு. எனக்குச் சிரிப்பு வந்தது, காட்டிக்கொள்ளவில்லை. தனித் தட்டில்தான் சாப்பிட்டேன். சோறு, மீன். வயிறு: சும்மா இருந்தது.

மார்ச் 1, வெள்ளி

மூன்று வெள்ளியாக வலி இல்லை. ஒன்றரைக் கிலோ ஏறியிருக்கிறேன். ஹரிசா போடுவதற்கு முன்பு எடுத்த குழம்பு, தோல் சீவின பூசணி, தோல் உரித்து மசித்த கடலை கொஞ்சம் — எல்லாம் ஒவ்வொன்றாகச் சாப்பிட்டுப் பார்க்கலாம் என்று நேற்று ஷீராஸ் சொன்னாள். அப்போ ஊசியை விட்டுவிடலாமா என்றேன். "விட்டீங்கன்னா நானே வீட்டுக்கு வந்து சண்டை போடுவேன்" என்றாள். இந்தப் பெண்ணை எனக்குப் பிடித்துவிட்டது.

மார்ச் 19, செவ்வாய்

படம் எடுத்தார்கள். வீக்கம் வடிந்திருக்கிறது. இப்போதைக்கு வெட்டு இல்லை.

"பாத்தியா, நான்தான் வெட்ட விடலை" என்றேன் ஷீராஸிடம்.

"வீக்கத்தை வடிய வெச்சது ஊசிம்மா. வலியை நிறுத்தினது நீங்க."

பாதிப் பெருமைதான் தருகிறாள். பரவாயில்லை.

மார்ச் 22, வெள்ளி

என் தனித் தட்டைக் கொண்டுபோய் அடுப்படியில் வைத்துவிட்டு, கிண்ணத்தருகே மொன்செஃபை நகரச் சொல்லி உட்கார்ந்தேன். அவரவர் முன்னால் இருப்பதைத்தானே எடுக்கப் போகிறோம்? என் பக்கத்துக்கு வஜீஹா சிவக்காத குழம்பைத் தனியாக ஊற்றினாள். கடலையை ஒன்றொன்றாக உரித்து வைத்திருக்கிறாள். எப்போது உரித்தாள், தெரியாது.

பூசணி, மீன், மசித்த கடலை ஆறு. வயிறு: நன்றாக இருக்கிறது.

உப்பு அதிகம். இதையும் எழுதி வைக்கிறேன்.