புகை நின்றால் குரல் நிற்கும்

நேற்று மலைமேல் கியா பார்ம் சந்தைக் கடைகளுக்கு எதிரே நின்றிருந்தேன். கோலா தெர்லா பக்கமிருந்து முட்டைக்கோஸ் ஏற்றி வந்த லோரி ஒன்று மேட்டில் திணறி, கறுப்புப் புகையைக் கக்கிக்கொண்டு என்னைக் கடந்தது. கடைக்காரப் பெண் ஸ்ட்ராபெரித் தட்டுகளின் மேல் துணியை இழுத்து மூடினாள். எனக்கும் இருமல் வந்தது. ஆனால் நான் முதலில் செய்தது, தலையைத் தூக்கி மின்கம்பியைப் பார்த்ததுதான். கறுப்புப் புகை வந்தால் கம்பியில் யாரோ பேசுகிறார்கள் என்று நினைக்கும் பழக்கம் இன்னும் என்னை விடவில்லை, மச்சான்.

என் பேரப்பிள்ளைகளிடம் இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள். அதனால் உனக்குத் தெரிந்ததையே உனக்கு எழுதுகிறேன். அவர்களும் ஒருநாள் படிக்கட்டும்.

எழுபதுகளின் பிற்பாதி அது. நீ அந்தத் தேயிலைத் தோட்டத்துத் தொழிற்சாலையில் சார்ஜ்மேன். மின்சாரம் முழுக்க உன் பொறுப்பு. நான் தானா ராத்தாவில் இருந்துகொண்டு ஒரு தமிழ்ப் பத்திரிகைக்கு மலைச்செய்திகளை அனுப்பிக்கொண்டிருந்தேன். உன் தங்கையைக் கட்டிக்கொண்டவன். அவள் தோட்டத்தின் மேல் டிவிஷனில் இருந்த தமிழ்ப்பள்ளியில் ஆசிரியை. தொழிற்சாலையிலிருந்து மேடு ஏறி, முகடு தாண்டி, மறுபக்கம் இறங்கினால்தான் அந்த டிவிஷன். அங்கே தொலைபேசி கிடையாது. பறித்த கொளுந்து எவ்வளவு, லோரி எப்போது வேண்டும் என்று சொல்ல ஆள்தான் ஓடிவர வேண்டும்.

ஆனால் மின்கம்பி போயிருந்தது. “கரண்டு போற வழியில பேச்சும் போவும், மாப்ள. ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு முட்டாது” என்றாய் நீ. மரப்பெட்டிகள் இரண்டைச் செய்து, ஒன்றைத் தொழிற்சாலை மின்னறையிலும் மற்றொன்றை மேல் டிவிஷனில் கணக்கெழுதும் கிராணியின் ஆபீஸிலும் சொருகினாய். முதல் நாள் கிராணி, “ஹலோ, ஹலோ, கொளுந்து ஈரமா இருக்குலா” என்று பேசியதைக் கேட்க, தொழிலாளர் குடியிருந்த லயத்துச் சனமே மின்னறை வாசலில் கூடியது. பெட்டியில் ஒரு பொத்தான். அமுக்கினால் எதிர்ப்பெட்டி மெல்லிசாகக் கூவும். அதற்கு மணி என்று பெயரானது.

உன் இரண்டாவது வேலை புகைபோக்கி. தேயிலை உலர்த்தும் அடுப்பு எண்ணெயில் எரிந்தது. பாதி எரிந்த எண்ணெய் கரியாகிக் கீழ் லயத்துக் கொடிகளில் காயும் துணியில் விழும், பிள்ளைகள் இருமும். எண்ணெய் விலை ஏறிய அந்தக் காலத்தில், புகையாகப் போவது எரியாமல் போன எண்ணெய்தான் என்று தோட்டத்து மேனேஜர் துரைக்குச் சொல்லிப் புரியவைத்தாய். தீயின் தலைக்குமேல் காற்றை ஊதும் ஒரு சிறிய காற்றாடியை வைத்தாய். ஈப்போவில் பழைய சாமான் கடையில் எடுத்த மோட்டார். அது சுற்றியபோது புகைபோக்கி வாயில் வெறும் கானல் மட்டும் ஆடியது.

பிறகுதான் வம்பு தெரிந்தது. அந்தப் பழைய மோட்டாருக்குள் பொறி பறந்துகொண்டே இருக்கும். அந்தப் பொறியின் இரைச்சல் கம்பி வழியே ஓடி உன் பெட்டிக்குள் புகுந்தது. காற்றாடி சுற்றினால் பெட்டியில் எண்ணெய்ச் சட்டி பொரிவதுபோல் சத்தம். மணி மட்டும் கேட்கும், பேச்சு கரைந்துபோகும்.

பொறி பறக்காத மோட்டார் வாங்கும்வரை நீ ஒரு ஏற்பாடு செய்தாய். காலையில் ஒரு முறை, நண்பகலில் ஒரு முறை காற்றாடியை நிறுத்துவது. அதுதான் பேச்சு நேரம். மற்ற நேரத்தில் யாரும் மணியை அமுக்கக் கூடாது. பேச்சு நடக்கும்போது புகைபோக்கி பழையபடி கறுப்பாய்க் கக்கும். லயத்துப் பெண்கள் அதைப் பார்த்துத் துணிகளை எடுத்துவிடுவார்கள். செல்லம்மா அக்கா வாளியோடு நின்று உன்னிடம் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது: “ஏன் தம்பி, கிராணி வாய தொறந்தா என் சேல கறுக்குதே, அவரு என்னாதான் திங்கிறாரு?”

நீ எல்லாரையும்விட உரக்கச் சிரித்தாய். பெட்டியும் காற்றாடியுமான உன் இரண்டு பிள்ளைகளும் ஒன்றன் வாயை ஒன்று அடைத்துக்கொண்டிருந்ததில் உனக்கு ஒரு செல்லப் பெருமையே இருந்தது.

கம்பெனியின் பெரிய ஆபீஸிலிருந்து ஆட்கள் புகைபோக்கியைப் பார்க்க வருகிறார்கள் என்று செய்தி வந்தது. பிடித்துப்போனால் அவர்களுடைய மற்றத் தோட்டங்களுக்கும் உன் காற்றாடி போகும். துரை உன்னிடம் சுத்தமாய் இருக்கட்டும் என்று மட்டும்தான் சொன்னார். நண்பகல் பேச்சை ரத்துசெய்தது நீயாக எடுத்த முடிவு. முந்தின நாளே கிராணியிடம், “நாளைக்கு மத்தியானம் பேச்சு கெடையாது, ஐயா. மணிய தொட்டுறாதீங்க” என்றாய். அவர் விதிக்குக் கட்டுப்பட்ட மனிதர். “வெள்ளக்காரன் போட்ட ரூலுக்கே நான் கட்டுப்பட்டவன், உன் ரூலுக்கா மாட்டேன்?” என்றார்.

அன்று மழை விட்டு விட்டுப் பெய்தது. அதற்கு முன் பல நாள் பெய்து மண் ஊறியிருந்தது. வெள்ளைச் சட்டை போட்ட விருந்தினர் தொழிற்சாலை முற்றத்தில் குடையின் கீழ் நின்று மேலே பார்த்தார்கள். அடுப்பு எரிவதே தெரியாத அளவு புகைபோக்கியின் வாய் சுத்தமாக இருந்தது. ஒருவர், “பாகுஸ், பாகுஸ்” என்று மலாயில் மெச்சித் தலையாட்டினார். செய்தி எழுத வந்திருந்த நான் மின்னறை வாசலில் உன் பக்கத்தில் நின்றேன். உன் முகத்தை அப்படி ஒளியோடு நான் பார்த்ததில்லை.

அப்போதுதான் மணி கூவியது.

நீ பெட்டியைத் திரும்பிப் பார்த்தாய். “நேத்தே சொன்னேன்லா இந்த மனுசனுக்கு. கை அரிக்குது போல” என்று சொல்லிவிட்டு முற்றத்தில் இறங்கி, விருந்தினர் கேட்ட ஏதோ கேள்விக்குப் பதில் சொல்லப் போனாய். மணி நின்றது. நீ திரும்பி வந்தபோது மறுபடி கூவியது. இந்த முறை விடாமல்.

கேட்கும் குழாயைக் காதில் வைத்தாய். பிறகு என் காதில் வைத்தாய். பொரியும் சத்தத்துக்குள் ஒரு ஆள் கத்துவது தெரிந்தது. என்ன கத்துகிறார் என்று தெரியவில்லை. உன் வலக்கை காற்றாடி சுவிட்சின் மேல் இருந்தது. முற்றத்தில் அத்தனை பேரும் இன்னும் புகைபோக்கியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“மச்சான், கிராணி வெளையாடுற ஆளு இல்ல” என்றேன்.

சுவிட்சை இறக்கினாய். காற்றாடி சோர்ந்து நின்றது. பொரிச்சல் அடங்க, கிராணியின் கத்தல் குழாயை மீறி அறை முழுக்கக் கேட்டது. “கரண்ட நிறுத்துங்க! மேல் லைன நிறுத்துங்க! மண்ணு சரிஞ்சி போஸ்டு சாஞ்சிருச்சி, கம்பி பள்ளிக்கூடத்துக் கூர மேல கெடக்கு! புள்ளைங்க உள்ள இருக்கு!”

“ஐயா, யாருக்காச்சும்...” என்று ஆரம்பித்தாய். கேள்வியை முடிக்கவில்லை. மேல் டிவிஷனுக்கான மின்சாரத்தை நிறுத்தும் கைப்பிடி தொழிற்சாலையில் மட்டும்தான் இருந்தது. அதை இழுத்தாய். பெட்டி செத்தது. கம்பியில் மின்சாரம் இல்லாவிட்டால் அதில் பேச்சும் இல்லை. அங்கே என்ன ஆனது என்று கேட்க இருந்த ஒரே வழியையும் நீயே அறுக்க வேண்டியதாகிவிட்டது.

வெளியே கறுப்புப் புகை விருந்தினர்மேல் இறங்கியது. துரை இருமிக்கொண்டே உள்ளே வந்தார். “என்ன மேன், இந்த நேரம் பார்த்து?” என்றவர் உன் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

“துரை, கம்பி ஸ்கூல் மேல விழுந்திருச்சி. என் தங்கச்சி அங்க இருக்கா.”

துரை விருந்தினரை அப்படியே விட்டுவிட்டு ஜீப்பை அவரே ஓட்டினார். முகடு தாண்டி, சேறு சக்கரத்தைப் பிடித்த இடத்தில் இறங்கி, தேயிலைச் செடிகளுக்கு நடுவே ஓடினோம். நீ எனக்கு முன்னால் ஓடினாய். விழுந்தாய், எழுந்தாய், மறுபடி ஓடினாய். எனக்கு அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிடப் பயமாக இருந்தது.

பள்ளிக்குக் கிட்டப் போனதும் வாய்ப்பாடு கேட்டது. பிள்ளைகள் பெஞ்சுகளின் மேல் காலைத் தூக்கி உட்கார்ந்து, அழுகையும் சளியுமாக ஒரே குரலில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். கூரையில் கம்பி கிடந்தது. பலகைச் சுவர் என்பதால் மின்சாரம் மண்ணில் இறங்க வழியின்றித் தகரத்திலும் சன்னல் கம்பிகளிலும் தங்கி நின்றிருக்கிறது. ஃபியூஸ் போகாததற்கும் அதுதான் காரணம் என்று பிறகு நீ விளக்கினாய். உன் தங்கை ஈரத் தரையில் மேசைக்காலில் சாய்ந்து கிடந்தாள். கண் திறந்திருந்தது. வலக்கையைச் சேலைத் தலைப்பில் சுற்றி நெஞ்சோடு வைத்திருந்தாள். ஒரு சிறுமி சன்னல் கம்பியைப் பிடிக்கப் போயிருக்கிறாள். இவள் பாய்ந்து அவளைத் தள்ளியதில் இவள் கை கம்பியில் பட்டுவிட்டது.

“புள்ளைங்கள எண்ணுங்க” என்றாள் என்னிடம். எண்ணினேன். யாரும் குறையவில்லை.

கிராணி கதவருகே நின்றிருந்தார். எது முதலில் நடந்தது, எது பிறகு என்று கேட்பது என் தொழில். வாய் தானாகக் கேட்டது. “நீங்க மணி அடிச்சப்ப இவ கை பட்டிருச்சா, ஐயா?”

“இல்ல தம்பி. மொத தடவ அமுக்குறப்ப எல்லாரும் நல்லாத்தான் இருந்தாங்க. டீச்சர் புள்ளைங்கள ஒவ்வொண்ணா பெஞ்சு மேல ஏத்திக்கிட்டு இருந்தாங்க. ரெண்டாவது தடவ அமுக்கப் போறப்பதான்...”

நீ அதைக் கேட்டாய். சேற்றில் அப்படியே உட்கார்ந்துவிட்டாய். துரைதான் அவளைத் தூக்க எனக்குக் கை கொடுத்தார்.

விருந்தினருக்கு உன்மேல் குறையில்லை. உன் காற்றாடி வேறு தோட்டங்களுக்கும் போனது. பொறி பறக்காத மோட்டாரும் வந்தது. அதன்பின் புகைபோக்கியும் சுத்தம், பெட்டியும் நாள் முழுக்கப் பேசியது. செல்லம்மா அக்கா, “இனிமே கிராணி எவ்ளோ வேணும்னாலும் பேசட்டும்” என்றாள். நீ சிரிக்கவில்லை. உன் தங்கையின் இரண்டு விரல்கள் மடங்காமலே போயின. மற்ற விரல்களில் சாக்கட்டியைப் பிடித்து எழுதப் பழகினாள். ஒவ்வொரு தீபாவளிக்கும் வருவாய். அவள் பலகாரத் தட்டை நீட்டும்போது தட்டைப் பார்க்காமல் கையைப் பார்ப்பாய். முதல் மணியைப் பற்றி நான் அவளிடம் எதுவும் சொன்னதில்லை. அது நீ சொல்ல வேண்டியது.

எண்பதுகளில் மேல் டிவிஷனுக்குத் தொலைபேசி வந்தது. பெட்டிகளைக் கழற்றிவிட்டு நேரே எங்கள் வீட்டுக்கு வந்தாய். உட்காரவில்லை. “தங்கச்சி, அன்னைக்கு மொத மணி எனக்குக் கேட்டுச்சி. புகை வந்துரும்னு நான் நிறுத்தல” என்றாய்.

அவள் தேநீரை ஆற்றிக்கொண்டே, “தெரியும்ண்ணே” என்றாள். “கிராணி சொன்னப்ப நான் மயக்கத்திலயா இருந்தேன்? நீ எப்ப சொல்லுவேன்னுதான் இருந்தேன்.”

“கோவம் இல்லியா?”

“இல்லாம என்னா? இன்னும் மழ நாள்ல வெரல் இழுக்குறப்ப வருது. நீ ரெண்டாவது மணிக்கும் வராம இருந்திருந்தா அந்தப் புள்ளைங்க என்னாயிருக்கும்னும் வருது. குடி, ஆறிப்போவும்.”

நீ குடித்தாய். அன்றுதான் அவள் கையைப் பிடித்துப் பார்த்தாய். தீபாவளிக்கு வந்தால் மறுபடி உரக்கச் சிரிக்க ஆரம்பித்ததும் அதற்குப் பிறகுதான்.

உன்னிடமிருந்து எனக்கு மிஞ்சியது ஒரு பழக்கம். தொலைபேசி அழைப்பு வரக்கூடாத நேரத்தில் வந்தால், எழுதிக்கொண்டிருப்பதை வரியின் நடுவில் விட்டுவிட்டு எழுந்துவிடுவேன். பத்திரிகையில் என்னோடு வேலை செய்தவர்கள் அதைக் கேலி செய்வார்கள். காரணத்தை யாரிடமும் சொன்னதில்லை. வீட்டில் அவளுக்கும் அதே பழக்கம்; இருவரும் ஒருவரையொருவர் முந்துவோம்.

நீ போய்ச் சேர்ந்த செய்தி ஒரு மத்தியானச் சாப்பாட்டு வேளையில் வந்தது. யாரும் அழைக்கிற நேரமில்லை. அவள்தான் முந்தினாள். சோற்றுக்கையை உதறிவிட்டு, அந்த மடங்காத விரல்களாலேயே, முதல் மணி முடியுமுன் எடுத்துவிட்டாள்.